மனிசி அடிக்கிறா

மொன்றியலில் நம்மவர் ஒருவர் "மனிசி அடிக்கிறா" என்று வாய்திறந்தால், கேட்பவருக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். அந்தச் சிரிப்புக்குப் பயந்தவர் கழுத்திலுள்ள நகக்கீறலுக்கு வேலைத்தலத்துப் பெட்டியின் மேல் பழிபோடுவார். ஆடி வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு தேர் பார்க்கப் போவார்.

கனடாப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2014ஆம் ஆண்டு ஆய்வில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் துணையின் வன்முறைக்கு உள்ளானதாகச் சொன்ன ஆண்கள் சுமார் 418,000 பேர். பெண்கள் சுமார் 342,000 பேர். இதை வைத்துப் பெண்களைத் தூற்றக் கிளம்புவது அநியாயம். கழுத்து நெரிப்பு, கத்தி மிரட்டல், பாலியல் தாக்குதல் போன்ற கொடுமைகளைச் சொன்னோர் பாதிக்கப்பட்ட பெண்களில் 34 சதவீதம், பாதிக்கப்பட்ட ஆண்களில் 16. ஆனாலும் அடிபட்ட ஆணின் வலி இதனால் பொய்யாகிவிடாது.

ஸ்பொன்சரில் வந்த கணவனுக்கு அடியைவிட மிரட்டல் கொடியது. "ஒரு போன் போட்டால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவாங்கள்" என்றதும் ஒடுங்கிவிடுவான். நிரந்தர வதிவிடம் கிடைத்தவரிடம் அந்தப் பேச்சு செல்லாது. இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும் என்ற நிபந்தனை 2017 ஏப்ரலிலேயே நீக்கப்பட்டுவிட்டது, பிரிந்ததற்காக அனுப்பமாட்டார்கள்.

அடுத்த பயம் பிள்ளைகள். 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விவாகரத்துச் சட்டத் திருத்தம், குடும்ப வன்முறை என்பதில் அடிப்பதோடு அடக்கியாளுவதையும் சேர்த்திருக்கிறது. அடித்தது தாயா தகப்பனா என்று அது பிரிக்கவில்லை.

தங்குமிடம்தான் பெரிய குறை. கால்கரியில் ஏர்ல் சில்வர்மன் தன் வீட்டையே அடிபட்ட ஆண்களுக்கான புகலிடமாக நடத்தினார். பணமில்லாமல் 2013இல் மூடினார். அதே ஆண்டு ஏப்ரலில் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். மொன்றியலின் ஒஷலாகாவில் தொடங்கிய 'மெசோன் ஒக்சிஜென்', நெருக்கடியிலுள்ள தகப்பன்மாரைப் பிள்ளைகளோடு தங்கவைக்கிறது. பிள்ளையில்லாத கணவன் எங்கே போவான்? இதைக் கேட்டு நம் சங்கங்கள் அரசின் கதவைத் தட்டவேண்டும்.

உயிருக்கு ஆபத்தென்றால் 911. பேச ஆள் தேவையென்றால் 'எஸ்ஓஎஸ் வியொலோன்ஸ் கொன்ஜுகால்' 1987 முதல் இயங்குகிறது: 1 800 363-9010, இரவு பகல் எந்நேரமும், இலவசம். 'ரெபாட்டீர்' என்ற சேவை நான்கு மணிநேரம் வழக்கறிஞரின் ஆலோசனையை இலவசமாகத் தருகிறது. வாடகை ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டவருக்குக் கியூபெக் குடியியல் சட்டக்கோவையின் 1974.1ஆம் பிரிவு உண்டு. அதிகாரியின் உறுதிக் கடிதத்தோடு இடையிலேயே முறித்துக்கொண்டு வெளியேறலாம். இவையெல்லாம் ஆண்களுக்கும் உரியவை.