வாழ்த்து அட்டையில் நம் கையெழுத்து

திருவருகைக்காலம் தொடங்கியதும் பரணிலிருந்து குடிலையும் விண்மீனையும் இறக்கித் தூசி தட்டுகிறோம். ஒரு காலத்தில் இவற்றோடு வாழ்த்து அட்டைகளும் நம் வீட்டை நிறைத்தன. தபால்காரர் தந்தவற்றை நூலில் கோத்து முன்னறையில் தொங்கவிட்டோம். இன்றோ ஒரே படத்தைக் கைப்பேசியில் ஒரே நொடியில் நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். வாழ்த்து போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த நூறு பேரில் ஒருவரையாவது தனியாக நினைத்துப் பார்த்தோமா?

இந்த அட்டை பிறந்த கதையே சுவையானது. 1840-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பென்னி கட்டணத்தில் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அதற்காக உழைத்தவர்களுள் ஒருவர் ஹென்றி கோல். விழாக்காலத்தில் எழுத வேண்டிய மடல்கள் குவிந்துவிடவே, 1843-இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஓர் அட்டை வரையச் சொல்லி அச்சிட்டார். அட்டையின் விலை ஒரு ஷில்லிங். அது பன்னிரண்டு கடிதங்களின் தபால் செலவு!

அந்த முதல் அட்டையின் நடுவில் ஒரு குடும்பம் மதுக்கிண்ணங்களோடு விருந்துண்கிறது. சிறு குழந்தையின் வாயருகேயும் கிண்ணம் இருந்ததால் மதுவிலக்கை விரும்பியோர் கண்டித்தனர். ஆனால் படத்தின் இரு ஓரங்களையும் நாம் கவனிக்க வேண்டும். பசித்தோருக்கு உணவும் ஆடையற்றோருக்கு ஆடையும் கொடுக்கும் காட்சிகள் அங்கே உள்ளன. மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறதல்லவா?

கடைக்குச் செல்லும்போது சிலவற்றை மனத்தில் கொள்வோம். பனியும் மான் வண்டியும் அழகுதான். எனினும் தீவனத்தொட்டியில் கிடத்தப்பட்ட பாலனைக் காட்டும் அட்டையே விழாவின் பொருளைச் சொல்லும். வாயாலும் காலாலும் வரையும் மாற்றுத்திறனாளிகளின் அட்டைகளை வாங்கினால், வாழ்த்தோடு ஒருவரின் உழைப்புக்கும் மதிப்பளிக்கிறோம். 1949-இல் யுனிசெப் வெளியிட்ட முதல் அட்டைகூட, உதவி பெற்ற செக்கோஸ்லோவாக்கியா கிராமத்தைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி நன்றியோடு வரைந்த ஓவியமே.

உள்ளே வெற்றிடம் உள்ள அட்டையே நல்லது; நாம் எழுத இடம் வேண்டுமே! இசை எழுப்பும் அட்டைகளும் கனமான அட்டைகளும் எடை கூடும். தபால் நிலையத்தில் நிறுத்துப் பார்த்துத் தபால்தலை ஒட்டுவோம். 1972 முதல் நம் நாட்டில் வழங்கும் ஆறு இலக்க பின்கோடு எண்ணை மறவாமல் எழுதுவோம். டிசம்பர் இரண்டாம் வாரத்திற்குள் பெட்டியில் போட்டுவிடுவோம்.

யாருக்கு அனுப்புவது? ஓராண்டு கேரல் பாடச் சென்றபோது, தனியே வாழும் ஒரு பாட்டியின் வீட்டில் குடிலருகே நிறம் மங்கிய பழைய அட்டை ஒன்று இருந்தது. வெளிநாட்டிலிருந்து மகன் எப்போதோ அனுப்பியது. "இப்ப போன்லதான் பேசுறான். பேசினது காதோட போயிடுது. இதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கலாம்" என்றார் அவர். திரும்பும் வழியில் நம்மில் யாரும் பேசவில்லை. நம் தெருவிலேயே இருந்தும் அவருக்கு நாம் ஓர் அட்டை அனுப்பியதில்லை.

பெயர்ப் பட்டியல் எழுதும்போது சில பெயர்களில் பேனா நின்றுவிடும். பாகப்பிரிவினையில் மனம் கசந்த அண்ணன், பேச்சை நிறுத்திக்கொண்ட தோழி... நேரில் போக நம் கால் தயங்குகிறது. அழைத்தால் எடுப்பார்களோ என்ற அச்சம் வேறு. ஓர் அட்டை தயங்காமல் அவர்கள் வாசலுக்குப் போகும். அதில் பழைய கணக்கு எதையும் எழுத வேண்டாம். 'உங்களை நினைத்துக்கொண்டோம்' என்ற ஒரு வரி போதும். பதில் வராமலும் போகலாம். ஆனாலும் முதல் அடியை நாம் வைத்துவிட்டோம்.

கடவுள் நமக்குச் செய்தியை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடவில்லை. தாமே நம்மிடையே வந்து பிறந்தார். அவரது பிறப்பைக் கொண்டாடும் நாம், இந்த ஆண்டு பட்டியலில் நம் பேனா தயங்கும் அந்தப் பெயருக்கு முதல் அட்டையை எழுதுவோமா?