எதிரிக்கு விலாசம் இருந்த காலம்

ஒசாக்கா நகரின் டோட்டன்போரிக் கால்வாயைக் கடக்கிறது எபிசு பாலம். 1988ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இயக்குநர் ரிட்லி ஸ்காட் தம் குழுவோடு அங்கே போனபோது, பாலத்தின் முனையில் கிரின் பிளாசா என்ற புதுக் கட்டடம் எழுந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கறுங்கல் சுவர்கள், அவற்றின் மேல் இரவில் காகித விளக்குகளைப் போல ஒளிரும் நான்கு கோபுரங்கள். ‘பிளாக் ரெயின்’ படத்தைப் பார்த்தவர்கள் அந்தக் கட்டடத்தை மறந்திருக்க மாட்டார்கள். 2008இல் அதை இடித்துவிட்டார்கள். பாலத்தையும் 2007இல் புதிதாகக் கட்டிவிட்டார்கள். கால்வாய்க் கரையில் ஓடும் கிளிக்கோ விளம்பர வீரர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார். 2014 முதல் நியானில் அல்ல, எல்.இ.டி.யில்.

படம் 1989 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவில் வெளியானது. கதை எளிது. நியூயார்க் உணவகம் ஒன்றில் கொலை செய்த சாட்டோ என்ற இளம் யகூசாவை (ஜப்பானியக் குற்றக் கும்பல்காரனை), நிக், சார்லி என்ற இரு துப்பறிவாளர்கள் பிடித்து ஒசாக்காவுக்குக் கொண்டுவருகிறார்கள். விமானம் நின்றதும் போலீஸ் வேடத்தில் வந்தவர்கள் ஒரு தாளை நீட்டுகிறார்கள். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாத நிக் கையெழுத்துப் போட்டுக் கைதியை ஒப்படைத்துவிடுகிறார். தவறு புரியும்போது சாட்டோ நகரக் கூட்டத்தில் கரைந்திருப்பான். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வெறும் பார்வையாளராக இருக்கச் சொல்கிறது ஜப்பானியப் போலீஸ். இவர்களைக் கவனித்துக்கொள்ள மசாஹிரோ என்ற அதிகாரியை அனுப்புகிறது. மைக்கேல் டக்ளஸின் நிக் படம் முழுக்கக் கோபமாகவே நடமாடுகிறார். அது ஒரு தனிமனிதனின் கோபம் மட்டும் அல்ல.

படம் திரைக்கு வந்த ஐந்தாம் நாள், கொலம்பியா பிக்சர்ஸை 340 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக சோனி அறிவித்தது. அடுத்த மாத இறுதியில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரில் பெரும்பங்கு மிட்சுபிஷி எஸ்டேட்டின் கைக்குப் போனது. டிசம்பர் 29 அன்று நிக்கெய் பங்குக் குறியீடு 38,915ஐத் தொட்டது. அமெரிக்கன் தன் வீட்டையே விலைக்குக் கொடுத்துக்கொண்டிருப்பதாக உணர்ந்த காலம் அது. ஒசாக்காவின் புகை கக்கும் ஆலைகளையும் ஈரத் தெருக்களையும் ஸ்காட் காட்டிய விதத்தில் அந்த மலைப்பும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. பிறகு நடந்தது நமக்குத் தெரியும். பொருளாதாரக் குமிழி உடைந்தது. ராக்ஃபெல்லர் சென்டரை மிட்சுபிஷி 1995இல் கைகழுவியது. அந்த 38,915ஐ நிக்கெய் மீண்டும் தாண்ட 2024 பிப்ரவரி வரை, 34 ஆண்டுகள், ஆயின. 1989இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டார் 28 லட்சம் பேர். 2024இல் 3 கோடியே 68 லட்சம். நிக் அந்நியனாகத் திகைத்து நின்ற அதே இடத்தில் இன்று வெளிநாட்டார் வரிசை கட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

படத்தில் சாட்டோ தன் பழைய தலைவர் சுகாயை எதிர்த்துத் தனிக்கடை போட்டவன். இது வெறும் கற்பனை அல்ல. யமகுச்சி-குமி என்ற யகூசா கும்பலிலிருந்து 1984இல் பிரிந்த இச்சிவா-காய், 1985 ஜனவரியில் ஒசாக்காவை ஒட்டிய சுயிட்டாவில் தாய்க் கும்பலின் நான்காம் தலைவரையே சுட்டது. அதைத் தொடர்ந்த சண்டையில் சுமார் 25 பேர் செத்தார்கள். ஸ்காட் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பகை இன்னும் முழுதாக ஓய்ந்திருக்கவில்லை. இச்சிவா-காய் கலைந்தது 1989 மார்ச்சில்தான்.

அந்தக் கால யகூசாவுக்கு அலுவலகம் இருந்தது. வாசலில் பெயர்ப்பலகை, சட்டைப் பையில் முகவரி அட்டை, கோட்டில் கும்பலின் சின்னம். போலீஸ்காரருக்கு யாரைத் தேடி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று தெரியும். 1963இல் உறுப்பினரும் ஒட்டிக்கொண்டவருமாகச் சேர்த்து 1,84,000 பேர் இருந்தார்கள். படம் வந்த காலத்தில் ஏறத்தாழப் பாதி. 1992இல் கும்பல் ஒடுக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2011க்குள் நாட்டின் எல்லா மாகாணங்களிலும் யகூசாவை விலக்கிவைக்கும் விதிகள் வந்தன. யகூசா வங்கிக் கணக்குத் திறக்க முடியாது. வீடு வாடகைக்குக் கிடைக்காது. தன் பெயரில் கைப்பேசி இணைப்பும் வாங்க முடியாது. கும்பலை விட்டு வந்தாலும் ஐந்தாண்டு அந்தக் கறை போகாது. ஹாலோவீன் நாளில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்துவந்த வழக்கத்தைக்கூட, யமகுச்சி-குமியின் தலைமையகம் இருக்கும் ஹியோகோ மாகாணம் 2020இல் விதி போட்டுத் தடுத்தது. 2024 இறுதியில் எஞ்சியவர்கள் சுமார் 18,800 பேர். அவர்களில் பாதிக்கு மேல் ஐம்பதைக் கடந்தவர்கள். இது ஆதாயம்தான், சந்தேகமில்லை. தெருச் சண்டையில் குண்டு பாய்ந்து செத்த வழிப்போக்கர்களும் ஜப்பானில் உண்டு.

ஆனால் குற்றம் ஓய்வு பெறவில்லை. சமூக ஊடகத்தில் ‘நல்ல சம்பளம், எளிய வேலை’ என்று விளம்பரம் வரும். விண்ணப்பிக்கும் இளைஞன் அடையாள அட்டையின் படத்தை அனுப்புவான். அதற்குப் பிறகு அவன் விலக முடியாது. குடும்பம் எங்கே இருக்கிறதென்று விளம்பரம் போட்டவர்களுக்குத் தெரியும். தானே அழியும் செய்திகளில் உத்தரவு வரும். ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராதவர்கள் ஓர் இரவு கூடி ஒரு முதியவரின் வீட்டை உடைப்பார்கள். 2022, 2023இல் ஜப்பானை உலுக்கிய தொடர் கொள்ளைகளுக்கு உத்தரவிட்டவர்கள் பிலிப்பைன்ஸில், குடியேற்றத் தடுப்பு முகாமுக்குள் இருந்தார்கள். முகமும் நிலையான அமைப்பும் இல்லாத இந்தக் கூட்டங்களுக்கு 2023இல் போலீஸ் தனிப்பெயர் வைத்தது: ‘தொக்குரியூ’.

படத்தின் மிகக் கனமான காட்சியில், முதிய சுகாய் நிக்கிடம் போர்க்காலத்தைச் சொல்வார். பி-29 விமானங்கள் வந்தபோது அவருக்குப் பத்து வயது. பதுங்குகுழியிலிருந்து மூன்றாம் நாள் வெளியே வந்தபோது மழை கறுப்பாகப் பெய்ததாம். நீங்கள்தான் மழையைக் கறுப்பாக்கினீர்கள், பணம் ஒன்றையே தெய்வமாக வணங்கும் சாட்டோ போன்றவர்களையும் நீங்கள்தான் உண்டாக்கினீர்கள் என்று குற்றம் சாட்டுவார். கொள்ளைக்காரன் ஒருவன் அடுத்த தலைமுறைக் கொள்ளைக்காரனுக்கு மரியாதை தெரியவில்லை என்று வருந்துவதில் இருக்கும் வேடிக்கை வேறு. ஆனால் சாட்டோவின் தலைமுறை இன்று எழுபதைத் தாண்டியிருக்கும். கைப்பேசி உத்தரவுக்கு ஆடும் இந்தப் பிள்ளைகளைப் பார்த்து, விரல் வெட்டி மன்னிப்புக் கேட்ட காலத்தை எண்ணி, அதே புலம்பலை அவர்கள் புலம்பிக்கொண்டிருப்பார்கள்.

கதையின் மையப் பொருளுக்கும் வயதாகிவிட்டது. சுகாயும் சாட்டோவும் அடித்துக்கொள்வது நூறு டாலர்க் கள்ளநோட்டு அச்சிடும் இரண்டு தகடுகளுக்காக. ஒன்று இவரிடம், ஒன்று அவனிடம். படம் வந்து இரண்டாண்டில் நூறு டாலர் நோட்டுக்குள் பாதுகாப்பு இழை வந்தது. 2013இல் நீலப் பட்டை வந்தது. கையில் பிடித்து ஒளித்துவைக்கக்கூடிய அந்தத் தகடு கதாசிரியனுக்குப் பெரிய வசதி. கணக்கு விட்டுக் கணக்குத் தாவும் பணத்தை எந்தக் கேமராவால் காட்டுவது?

பார்வையும் மாறியிருக்கிறது. 1974இல் சிட்னி பொலாக்கின் ‘தி யகூசா’வில் ராபர்ட் மிச்சம் ஜப்பானியக் கடனுணர்ச்சிக்குத் தலைவணங்கினார். 1989இல் மைக்கேல் டக்ளஸ் கத்தினார். 2022இல் தொடங்கிய ‘டோக்கியோ வைஸ்’ தொடரின் அமெரிக்க நாயகன் போலீஸ்காரனே அல்ல. ஜப்பானிய மொழியில் தேர்வெழுதி ஜப்பானிய நாளிதழில் வேலைக்குச் சேரும் நிருபன். நிக்கின் அறியாமையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ நாகரிகம். ஆனாலும் அந்தத் தொடரின் கதை தொடங்கும் ஆண்டு 1999. இன்றைய யகூசாவை வைத்துக் கதை பண்ண அவர்களாலும் முடியவில்லை.

சாட்டோவாக நடித்த யூசாகு மட்சுதா, புற்றுநோயைப் படக்குழுவுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டே நடித்தார். ஜப்பானில் படம் வெளியாகி ஒரு மாதத்தில், 1989 நவம்பர் 6 அன்று, நாற்பது வயதில் இறந்தார். மசாஹிரோவாக வந்த கென் தக்காகுரா 2014 நவம்பரில் காலமானார். 1960களில் தோயே ஸ்டுடியோவின் படங்களில் மானம் காக்கும் யகூசாவாக நடித்துப் புகழடைந்தவர் அவர், இங்கே போலீஸ்காரர். இரவு விடுதியில் ஆண்டி கார்சியாவின் சார்லி வற்புறுத்த, இவர் கூச்சத்தோடு எழுந்து ரே சார்ல்ஸ் பாட்டைப் பாடும் இடத்தில்தான் இரண்டு நாடுகளும் முதல்முறையாக ஒரே மேடையில் நிற்கின்றன. சற்று நேரத்தில் மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் சார்லியின் கோட்டைப் பிடுங்கிக்கொண்டு போக, விளையாட்டாகத் துரத்தும் சார்லி கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் வெட்டுப்பட்டுச் சாகிறார். கம்பிக் கதவுக்கு இந்தப்புறம் நிக்.

துப்பறியும் கதை என்ற அளவில் ‘பிளாக் ரெயின்’ நடுத்தரம்தான். முடிவை யாரும் ஊகித்துவிடலாம். பார்க்க விரும்புபவர்கள் 1974இன் ‘தி யகூசா’வை முதலில் பார்த்துவிடுங்கள். அதிலும் தக்காகுரா இருக்கிறார், முன்னாள் யகூசாவாக.