தேதி எந்தத் துண்டில் இருக்கிறது?

கம்பவுண்டர் காலத்து மருந்துக்குப் பெயர் கிடையாது. டாக்டர் சீட்டில் கிறுக்கித் தருவார். ஜன்னல் வழியே கம்பவுண்டர் கை நீட்டி, நாம் கொண்டுபோன காலி பாட்டிலை வாங்கிக்கொள்வார். பெரிய ஜாடியிலிருந்து ரோஸ் நிறத் தண்ணி மருந்து இறங்கும். பாட்டிலின் பக்கத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். ஒரு பல் ஒரு வேளை. உள்ளே என்ன என்று யாரும் கேட்டதில்லை. உடம்பு தடித்தால், "ஒத்துக்கல" என்று பழியை உடம்பின் மேலேயே போட்டுவிடுவார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மருந்துச் சட்டம் 1940-லேயே வந்துவிட்டது. கட்டணம் கட்டி, வாங்கிய மருந்தை அரசுப் பகுப்பாய்வாளரிடம் யாரும் சோதிக்கக் கொடுக்கலாம் என்று அதன் 26-ஆம் பிரிவு சொல்கிறது. மருந்தின் பெயரே தெரியாதவர் எதைச் சோதிப்பார்? நஷ்டஈடு கேட்கத் தனி மன்றம் கிடைத்ததே 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில்தான்.

இன்று அட்டையிலேயே எல்லாம் அச்சாகி வருகிறது: மூலப்பொருள், தொகுதி எண், காலாவதி, எம்.ஆர்.பி. 2023 ஆகஸ்ட் முதல் 300 முன்னணி பிராண்டுகளில் கியூஆர் குறியீடும் கட்டாயம். ஆனால் "நாலு மாத்திரை போதும்" என்றதும் கத்தரிக்கோல் வந்துவிடுகிறது. தேதி இருக்கும் ஓரம் கடையிலேயே தங்க, நமக்கு வெறும் வெள்ளித் துண்டும் பிரவுன் கவரும். முழு அட்டைக்குக் காசில்லாதவர்களுக்கு இது பெரிய வசதி. குறை சொல்ல எனக்கு மனமில்லை. அப்போது தொகுதி எண்ணையும் தேதியையும் சுமந்து வரக்கூடியது பில் ஒன்றுதான். அதைத்தான் நாம் கேட்பதில்லை. கேட்டால் "பிரிண்டர் ரிப்பேர் சார்".

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டத்தில், பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால், 30 நாளுக்குள் திரும்ப எடுத்தாக வேண்டும். "விற்ற மருந்து வாபஸ் இல்லை" என்ற பலகை அங்கே செல்லாது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை; குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம்.

நம் பக்கமும் சுத்தமில்லை. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் தர மறுக்கும் மருந்தாளுநரை "ரூல்ஸ் பேசுறான்" என்று திட்டுவது நாம்தானே?

அட்டையை வெட்டும் முன்பே தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், பில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.