அன்றைய பில் அன்றைய வரியோடு

மலேசியாவில் 2015 ஏப்ரல் 1 அன்று 6 விழுக்காட்டு பொருள், சேவை வரியான ஜிஎஸ்டி வந்தது. 2018 ஜூன் 1 முதல் அது பூஜ்ஜியமானது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பியது. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தாலும் உணவகங்களுக்கு 6 விழுக்காடே நீடித்தது. விகிதம் இப்படி மாறுவதால், கேரி தீவின் கடலுணவுக் கடைக்கு இணையதளம் அமைப்பவர், பழைய பில்லை மறுபடி கணக்கிட்டால் அன்றைய தொகையே வருமா என்று பார்த்தாக வேண்டும். வரிவிகிதத்தை எங்கோ பொதுவில் வைத்து, தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளும் நிரலில் 2017-ஆம் ஆண்டின் பில்லுக்கும் இன்றைய விகிதமே ஒட்டிக்கொள்ளும். நிரலைச் சிறு ஃபங்ஷன்களால் கட்டும் முறையான ஃபங்ஷனல் புரோகிராமிங்கின் முதல் விதி இதைத் தடுக்கிறது: ஃபங்ஷனுக்குத் தேவையான விலை, தேதி, விகிதம் எல்லாவற்றையும் நேரே கொடுத்துவிட வேண்டும், கொடுத்தது மாறாதவரை விடையும் மாறாது.

இரண்டாவது விதி, வந்த தரவைத் திருத்தாமல் புதிய விடையை உருவாக்குவது. மூன்றாவது, சிறு ஃபங்ஷன்களை வரிசையாகக் கோப்பது. வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு நம் சில்லறையே சான்று. 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது. 1 ரிங்கிட் 2 சென் விலையுள்ள மூன்று பொருள்களைக் கூட்டி முழுமையாக்கினால் 3 ரிங்கிட் 5 சென். தனித்தனியே முழுமையாக்கிக் கூட்டினால் 3 ரிங்கிட்தான். கூட்டுவது, வரி சேர்ப்பது, முழுமையாக்குவது என மூன்றும் தனித்தனி ஃபங்ஷன்களாக இருந்தால், இத்தகைய பிழை எந்தப் படியில் நுழைந்தது என்று உடனே தெரியும்.

தரவைத் திரும்பத் திரும்ப நகலெடுத்தால் நிரல் வேகம் குறையாதா என்று சிலர் கேட்பார்கள். பத்துப் பொருள்கள் கொண்ட பில்லில் அந்தச் செலவு பொருட்டே அல்ல. பெரிய தரவிலும் மாறாத பகுதிகளைப் பழைய பிரதியோடு பகிர்ந்துகொள்ளலாம். இணையதளம் தரவுத்தளத்தில் எழுதத்தானே வேண்டும் என்பது அடுத்த கேள்வி. வேண்டும்தான், எழுதும் வேலை ஓரத்தில் நிற்கட்டும், கணக்கு நடுவில் தூய்மையாக இருக்கட்டும். இதற்குப் புது மொழி கற்க வேண்டியதும் இல்லை. ஜாவாஸ்கிரிப்டின் 2009 தரநிலையிலேயே இதற்கு உதவும் மேப், ஃபில்டர், ரெட்யூஸ் ஃபங்ஷன்கள் இடம்பெற்றுவிட்டன. வரி மறுபடியும் மாறலாம். அப்போதும் வாடிக்கையாளர் கேட்கும் எந்த ஆண்டின் பில்லுக்கும் கணக்குச் சொல்ல முடிவதே இம்முறையைக் கற்கப் போதுமான காரணம்.