மிளகாய் வற்றலும் கடற்காற்றும்

மிளகாயை நம் நாட்டுப் பயிர் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அஃது அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இங்கு வந்தது. அதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே பெரிதும் நம்பியிருந்தனர். மிளகைப்போல் உறைக்கும் காய் ஆதலின் 'மிளகாய்' என்றனர்.

இன்று மிளகாய் இல்லாத அடுக்களை இல்லை. ஆனால், அதனை ஆண்டு முழுதும் கெடாமல் வைத்திருப்பது எல்லா ஊரிலும் ஒன்றுபோல் எளிதன்று. செங்கற்பட்டில் மொறுமொறுவென்று இருக்கும் வற்றல், மாமல்லபுரத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ ஓரிரவு திறந்து கிடந்தால் நமுத்துவிடும். காரணம் யாது? கடற்காற்றில் நீராவி மிகுதி. உலர்ந்த பொருள் அந்த ஈரத்தை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைக் கண்டவர்க்கு இது வியப்பன்று.

மாணவர்க்கு அறிவியல் கற்பித்த பழக்கத்தால், முறையைப் படிப்படியாகவே சொல்லுகிறேன். மாசி, பங்குனி வெயில் வற்றலுக்கு ஏற்றது. நன்கு பழுத்த, அடிபடாத காய்களைக் காம்போடு தேர்ந்தெடுங்கள். காம்பைக் கிள்ளினால் அத்துளை வழியே பூசணம் புகும். மண்தரையில் கொட்டாமல், சுத்தமான பாயில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். பொழுது சாய்வதற்கு முன்பே வாரி மூடிவிடுங்கள். குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். வற்றலில் ஈரம் நூற்றுக்கு 11 பங்குக்கு மேற்படலாகாது என்பது உணவுச் சட்டம் வகுத்துள்ள அளவு. வெயிலின் சூடு ஆறியபின் காற்றுப் புகாத கலத்தில் அடையுங்கள்.

மோர்மிளகாய்க்கு முறை வேறு. பச்சை மிளகாயைக் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் இரவு முழுதும் ஊறவைத்துப் பகலில் உலர்த்த வேண்டும். மாலையில் அதே மோரில் மீண்டும் இட வேண்டும். மோர் முழுதும் ஏறியபின், நன்றாக உலரும்வரை வெயிலில் வையுங்கள். புளிப்பும் உப்பும் கிருமிகளை அடக்கும்.

இவ்வளவு கவலை எதற்கு? 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவை தின்ற நிலக்கடலைப் பிண்ணாக்கில் படர்ந்த பூசணத்தின் நஞ்சே காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்னும் அந்நஞ்சு, ஈரம் பட்ட மிளகாயிலும் உண்டாகக்கூடும். அது கல்லீரலைத் தாக்கும், புற்றுநோயும் விளைக்கும். வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் முற்றும் அழியாது.

ஆகவே, பூசணம் பூத்த வற்றலைத் துடைத்து, மறுபடி வெயிலில் போட்டு, பொடியாக்கும் சிக்கனம் வேண்டா. பொடியானபின் பூசணம் கண்ணுக்குத் தெரியாது. நஞ்சோ அதனுள்ளேயே இருக்கும். காசு கொடுத்து வாங்கியதை எறிய மனம் வராதுதான். ஆயினும், வீட்டிலுள்ள குழந்தைகளை எண்ணி எறிந்துவிடுங்கள்.