ரெனே எர்ஸ் மிதிவண்டிப் பட்டறை

ரெனே எர்ஸ் (1908–1976) பிரான்சு நாட்டு மிதிவண்டி வடிவமைப்பாளர். வானூர்தித் தொழிலில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு எடை குறைந்த அலுமினிய உதிரிபாகங்களைச் செய்யத் தொடங்கினார். பின்னர் பாரிசை ஒட்டிய லெவலுவா-பெரே நகரில் பட்டறை நடத்தினார். அங்கு ஒவ்வொரு சட்டகமும் ஓட்டுபவரின் உடல் அளவுக்கும் தேவைக்கும் ஏற்பத் தனியாகச் செய்யப்பட்டது. மட்கார்டு, விளக்கு, கேரியர் ஆகியவற்றின் இடமும் சட்டகத்தோடு சேர்த்தே திட்டமிடப்பட்டது. சுமார் 1,200 கி.மீ. நீளும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்தில் இவ்வண்டிகள் பெயர் பெற்றன.

எர்ஸ் மறைந்த பின் மகள் லிலியும், அவருடைய கணவர் ழான் தெபுவாவும் பட்டறையைத் தொடர்ந்தனர். லிலி பிரான்சின் பெண்கள் சாலைப் பந்தயத்தில் 8 முறை வென்றவர். தெபுவா அதே பட்டறையில் சட்டகம் செய்தவர். தொழில் தெரிந்த இவ்விருவரோடு அதன் காலம் முடிந்தது; 1980களில் பட்டறை மூடப்பட்டது.

பெயருரிமை பின்னர் அமெரிக்காவுக்குச் சென்றது. இன்று அப்பெயரில் டயர்களும் உதிரிபாகங்களும் விற்பனையாகின்றன. லெவலுவா பட்டறையில் உருவான மிதிவண்டிகளோ சேகரிப்பாளர்களிடமும், பழைய வண்டிகளைப் பேணி ஓட்டுவோரிடமும் மட்டுமே எஞ்சியுள்ளன.