ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்தால் புதுமொழி பிறக்குமா?

1848இல் குவாதலூப்பே ஹிடால்கோ ஒப்பந்தத்தின்படி கலிபோர்னியா உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பை மெக்சிகோ அமெரிக்காவிடம் இழந்தது. அங்கே வாழ்ந்த ஸ்பானிஷ் பேசும் மக்கள் இருந்த இடத்திலேயே வேறொரு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். பின்னர் மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபாவிலிருந்து லட்சக்கணக்கானோர் வந்து சேர, இன்று அமெரிக்காவில் 4 கோடிக்கும் அதிகமானோர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். அவர்களில் பலர் ஆங்கிலத்தையும் கலந்து பேசும் பேச்சுக்கு 'ஸ்பாங்கிலிஷ்' என்று பெயர். இது வளர்ந்து தனிமொழி ஆகும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். ஸ்பானிஷையே கெடுத்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். இரண்டும் நடக்காது என்பதே என் கணிப்பு. மாற்றம் உண்டு, ஆனால் அது இரு மொழிகளுக்குள்ளும் சத்தமில்லாமல் நடக்கும்.

இரு மொழியும் அரைகுறையாகத் தெரிந்தவர்களே கலந்து பேசுவார்கள் என்பது பரவலான எண்ணம். நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் வாழ்ந்த புவேர்ட்டோ ரிக்கோ மக்களின் பேச்சை ஆராய்ந்த மொழியியலாளர் ஷானா போப்லாக், 1980இல் அந்த எண்ணத்தை மறுத்தார். ஒரே வாக்கியத்துக்குள் மொழி மாறுவது இரண்டிலும் தேர்ந்தவர்களிடமே மிகுதி. அதுவும் இரு இலக்கணங்களின் சொல்வரிசையும் ஒத்துப்போகும் இடத்தில்தான் மாறுகிறார்கள். ஆகவே இதைச் சிதைவு என்பது தவறு. 'ட்ரக்' அங்கே 'ட்ரோக்கா' ஆனது, 'லஞ்ச்' 'லோன்ச்சே' ஆனது எல்லாம் மேலோட்டமானவை. ஆழமான மாற்றம் வேறிடத்தில் இருக்கிறது. தமிழில் 'வருகிறேன்' என்றாலே 'நான்' தேவையில்லை; ஸ்பானிஷும் அப்படித்தான். ஆனால் நியூயார்க்கில் வளர்ந்தவர்கள், புதிதாக வந்தவர்களைவிட அதிகமாக அந்த 'நான்', 'அவன்' சொற்களைச் சேர்த்தே பேசுகிறார்கள் என்று மொழியியலாளர்கள் ரிக்கார்டோ ஓத்தெகியும் ஆனா செலியா சென்டெல்லாவும் காட்டினர். ஆங்கிலமும் தப்பவில்லை. காரைவிட்டு 'வெளியே வருவது'தான் ஆங்கில வழக்கு. மயாமியில் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள்கூட, ஸ்பானிஷ் வழக்கைப் பின்பற்றி, 'கீழே இறங்குவதாக' ஆங்கிலத்தில் சொல்கிறார்கள்.

கலப்பு மொழிகள் பிறந்ததே இல்லையா என்று கேட்கலாம். பிறந்திருக்கின்றன. கனடாவில் க்ரீ வினைச்சொற்களும் பிரெஞ்சுப் பெயர்ச்சொற்களும் சேர்ந்த மிஷிஃப் அத்தகையது. ஆனால் அதைப் பேசிய, பிரெஞ்சு தோல் வணிகர்களுக்கும் பழங்குடிப் பெண்களுக்கும் பிறந்த மெட்டி மக்கள், தங்களைத் தனி இனமாகவே கருதி வாழ்ந்தார்கள். ஸ்பாங்கிலிஷ் பேசுவோர் அப்படிப் பிரிந்து நிற்கவில்லை. ஒருபுறம் ஆங்கிலப் பள்ளி, மறுபுறம் ஸ்பானிஷ் தொலைக்காட்சி, உலகெங்கும் ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்ட சுமார் 50 கோடிப் பேர். இரண்டு தரமொழிகளும் இருபுறமும் இழுத்துக்கொண்டே இருக்கும்வரை நடுவில் மூன்றாவது மொழி கெட்டிப்பட வாய்ப்பு மிகக் குறைவு.

அஞ்ச வேண்டியது கலப்பைக் கண்டு அல்ல, கைவிடலைக் கண்டு. குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆங்கிலம் மட்டுமே பேசுகிறார்கள். கலப்பதற்கே அவர்களிடம் இன்னொரு மொழி இல்லை. இந்த இடத்தில் பள்ளியில் எந்த மொழியில் கற்பிப்பது என்ற முடிவு கனமானது. இருமொழிக் கல்வியை 1998இல் வாக்களித்துக் கட்டுப்படுத்திய கலிபோர்னியா மக்களே, 2016இல் மீண்டும் வாக்களித்து அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள்.